சக தேடுநர்

தூத்துக்குடி வட்டாரத்தில் ஜியோகேச்சிங் விளையாடுகிறவர்கள் மொத்தமே ஐந்து பேர். அந்த ஐந்து பேருக்கு இருபத்து மூன்று விதிகள் இருந்தன. எழுதியவர் சுந்தர்சிங். எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

விளையாட்டு என்னவோ எளியதுதான். ஒருவர் ஒரு சின்ன டப்பாவை எங்காவது மறைத்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு போய்த் தேடி, டப்பாவுக்குள் இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு கிடையாது. புது டப்பாவில் முதல் கையெழுத்துப் போடுகிறவருக்கு மட்டும் ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமையும் மற்ற நாலு பேருக்குத்தான் தெரியும்.

சுந்தர்சிங்குக்கு ஐம்பத்து நாலு வயது. சொந்த ஊர் நாசரேத். தூத்துக்குடியில் ஒரு ஷிப்பிங் ஏஜெண்டிடம் டாக்குமெண்டேஷன் மேனேஜர். கப்பலில் ஏறுகிற சரக்கு கறுப்பா சிவப்பா என்று அவருக்குத் தெரியாது. சரக்குக்கு உண்டான தாளைத்தான் பார்ப்பார். தாளில் ஒரு எழுத்து பிசகியிருந்தால் கன்டெய்னர் வெயிலில் கிடக்க வேண்டியதுதான். அப்படிப்பட்டவர் கையில் ஒரு விளையாட்டு சிக்கினால் அது எத்தனை நாளைக்கு விளையாட்டாக இருக்கும்?

விதிகளுக்குக் காரணமாக இருந்தவள் பல் டாக்டர் ஷீஜா. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் துறைமுகச் சாலையோரம் ஒரு டப்பாவைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் “கெடச்சிட்டு!” என்று நடுரோட்டில் குதித்தாள். அதைத் தானே வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவிலும் போட்டாள். சுந்தர்சிங்குக்கு அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை. ஒரு வாரத்தில் பி.டி.எஃப். வந்துவிட்டது. தலைப்பே ஒன்றரை வரி: ‘தேடலின்போது சக தேடுநரைச் சந்திக்க நேர்கையில் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்குமுறை.’ வலது மூலையில் அவருடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. கீழே ‘இயற்றியவர்: ஆர். சுந்தர்சிங்’, அதற்குக் கீழே போன் நம்பர்.

சக தேடுநரைக் கண்டால் எடுத்த எடுப்பில் விளையாட்டின் பெயரைச் சொல்லலாகாது, “ஏதாவது தொலைத்துவிட்டீர்களா?” என்று கேட்க வேண்டும். அவரும் விவரம் தெரிந்தவராக இருந்தால் “தொலைக்கவில்லை, தேடுகிறேன்” என்பார். முதலில் வந்தவருக்கே முதல் உரிமை. பிந்தி வந்தவர் பத்தடி தள்ளி நின்று அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். டப்பா கண்ணில் பட்டாலும் முகத்தில் காட்டலாகாது. கேட்காமல் துப்புச் சொல்லலாகாது. பொதுசனம் விசாரித்தால் சொல்ல, நம்பும்படியான காரணம் ஒன்று கைவசம் இருக்க வேண்டும். இப்படியே போகும். பத்தொன்பதாவது விதிமீது சுந்தர்சிங்குக்குத் தனிப் பிரியம். அதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்: ‘சக தேடுநரைக் காவல்துறையோ பொதுமக்களோ விசாரிக்கும் வேளையில் அவரைத் தனியே விட்டு விலகுவது ஆகாது. அருகில் நின்று, இவர் எம்மவர் என்று துணிந்து கூற வேண்டும்.’

இத்தனையும் எழுதியவர், மூன்று வருஷத்தில் தேடப் போன இடத்தில் ஒரு சக தேடுநரையும் சந்தித்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து பேர்தானே. ஆளுக்கொரு திசையில் கிடந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு அவர் போன் கிணுகிணுத்தது. புன்னைக்காயல் கடற்கரையில் புது டப்பா. வைத்தவர் ஷீஜா. குறிப்பு: ‘அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருப்பேன்.’

சுந்தர்சிங் பேண்ட்டுக்குள் காலை விட்டார்.

“இட்லி வெந்திட்டு. தின்னுட்டுப் போங்களேன்,” என்றாள் அவர் மனைவி இன்பமணி.

“வந்து தின்னுக்கிடுதேன்.”

“அந்த டப்பாவுக்குக் காலா இருக்கு, ஓடிப்போக?”

“டப்பா ஓடாது. ஆளு ஓடி வந்திருவான்,” என்று சொல்லி ஸ்கூட்டரை எடுத்தார்.

முத்தையாபுரத்தில் ஷிப்ட்டுக்குப் போகும் பஸ்கள் வழி மறித்தன. அப்புறம் உப்பளம், உப்பளம் முடிந்து பழையகாயல், ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்கள் என்று வண்டி பறந்தது. வழி நெடுக அவர் மனசுக்குள் இணையத்தில் போடப்போகும் குறிப்பை எழுதிக்கொண்டே போனார். ‘முதல் கையெழுத்து. அமைதியான கடற்கரை. விதிகள் யாவும் கடைப்பிடிக்கப்பட்டன.’

புன்னைக்காயலில் கடலரிப்பைத் தடுப்பதற்காகப் பாறாங்கற்களைக் கொட்டி, கடலுக்குள் கை நீட்டினாற்போல ஒரு தூண்டில் வளைவு போட்டிருந்தார்கள். போனில் இருந்த அம்பு நேரே அதைத்தான் காட்டியது. ஏழேகால் மணி. சுந்தர்சிங் வண்டியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

கற்களுக்கு மேல் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். நாற்பது வயசு இருக்கும். முழுக்கைச் சட்டை, வெட்டி ஒதுக்கிய தாடி. உள்ளங்கையில் போனைத் தாம்பாளம் மாதிரி ஏந்திக்கொண்டு மூன்று அடி முன்னால் போனான், ரெண்டு அடி பின்னால் வந்தான், குனிந்தான், நிமிர்ந்தான். அது வேறு எந்தத் தொழிலுக்கும் உரிய நடை அல்ல.

முறைப்படி சுந்தர்சிங் பத்தடி தள்ளி நின்றார். கொஞ்ச நேரம் நின்றார். அந்த ஆள் திரும்பிப் பார்க்கிற வழியைக் காணோம். காத்திருக்கச் சொல்லி எழுதியது தான்தான் என்றாலும், எத்தனை நிமிஷம் என்று எழுதாமல் விட்டது நல்லதாகப் போயிற்று என்று அவருக்குத் தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டு கிட்டே போனார்.

“ஏதாவது தொலைச்சிட்டியளா?”

அந்த ஆள் திரும்பினான். முகமெல்லாம் சிரிப்பு. “இல்ல அண்ணாச்சி, டப்பா தேடுதேன். நீங்களும் அதுக்குத்தானே வந்திருக்கிய? போனைப் பிடிச்ச பிடியிலயே தெரியுதே! வாங்க, நீங்க அந்தப் பக்கம் பாருங்க, நான் இந்தப் பக்கம் பாக்கேன். சேந்து தேடுனா சட்டுனு கெடச்சிரும்.” சொல்லிவிட்டுக் கையை நீட்டினான்.

ஒரே மூச்சில் நாலு விதி போயிற்று. சுந்தர்சிங் அந்தக் கையை, உடைந்த பொருளை வாங்குவது மாதிரி வாங்கிக் குலுக்கினார்.

பெயர் யஹ்யா. காயல்பட்டினம். ஷார்ஜாவில் லிப்ட் பராமரிக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். லீவில் வந்து மூன்று வாரம் ஆகிறது, இன்னும் எட்டு நாளில் கிளம்ப வேண்டும். வாட்ஸ்அப் குழு ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது.

“இதுவரைக்கும் எத்தனை எடுத்திருக்கிய?” என்று கேட்டார் சுந்தர்சிங். கேட்டிருக்க வேண்டாம்.

“நாலாயிரத்துச் சொச்சம் இருக்கும் அண்ணாச்சி. பாலைவனத்துல லீவு நாள்ல வேற என்ன சோலி? நீங்க?”

சுந்தர்சிங் இருநூற்றுப் பன்னிரண்டு. கடல் இரைச்சலில் கேள்வி காதில் விழாதது போல் நின்றுவிட்டு, “தம்பி, இதுக்கெல்லாம் ஒரு முறை இருக்குல்லா,” என்றார். “இப்படிப் பொது இடத்துல டப்பா, கிப்பான்னு சொல்லக் கூடாது. உங்க நம்பரச் சொல்லுங்க, ஒரு டாக்குமெண்ட் அனுப்புதேன். படிச்சிட்டு ஆரம்பிப்போம்.”

அனுப்பினார். யஹ்யா மரியாதை தெரிந்த மனிதன். பெரியவர் ஒன்றைப் படிக்கச் சொன்னால் படிக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்டவன். வெயிலுக்குப் போனைக் கையால் மறைத்துக்கொண்டு, இருபத்து மூன்றையும் ஒன்று விடாமல் படிக்க ஆரம்பித்தான். படித்து முடிக்க ஆறேழு நிமிஷம் ஆகும் என்று சுந்தர்சிங்குக்குத் தெரியும். அந்த ஆறேழு நிமிஷமும் அவர் சும்மா இருக்கவில்லை. கடலைப் பார்த்திருந்த கற்களின் பின்புறமெல்லாம் கையை விட்டுத் துழாவினார். நண்டு ஓடியது, பாசி வழுக்கியது, டப்பா மட்டும் கிடைக்கவில்லை.

“பத்தொன்பதாவது நல்லாருக்கு அண்ணாச்சி,” என்று மேலேயிருந்து யஹ்யா சொன்னான். அவன் கிண்டல் செய்யவில்லை. “இந்தக் காலத்துல இப்படி யாரு எழுதுதா?”

“அனுபவந்தான்,” என்றார் சுந்தர்சிங், கல் இடுக்கிலிருந்து.

இவர்கள் கூத்தையெல்லாம் கொஞ்ச தூரத்தில் ஒரு அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் செலின். மணலில் வலையை விரித்து நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், காக்கா விரட்டுகிற கம்போடு கிட்டே வந்தாள்.

“எய்யா, விடிஞ்சதும் வந்து கல்லுக்குள்ள என்னத்தத் தேடுதிய?”

யஹ்யா வாயைத் திறப்பதற்குள் சுந்தர்சிங் முந்திக்கொண்டார். நம்பும்படியான காரணம் கைவசம் இருந்தது. போன மாசமே தயார் செய்து வைத்ததுதான். “கடலரிப்பு அளக்கோம்மா. சர்வே.”

“அண்ணாச்சி, நெசத்தச் சொல்லிருவோமே,” என்று யஹ்யா மெல்ல இழுத்தான்.

“ஒம்பதாவது விதி,” என்று பல்லைக் கடித்தார் சுந்தர்சிங்.

செலின் கம்பைக் கீழே போட்டாள். “சர்க்கார் ஆளா? மாதாவே! நாலு வருசமா மனு குடுத்து இன்னைக்குத்தான் கண்ணு தொறந்துச்சா? ஏலே வளனு! ஓடியால! அரிப்பு அளக்க ஆபீசர் வந்திருக்காரு!”

வந்தது வளன் மட்டும் அல்ல. கால் மணி நேரத்தில் முப்பது பேர் கூடிவிட்டார்கள். யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். யாரோ டீ கொண்டுவந்தார்கள். இந்த இடத்திலாவது சுந்தர்சிங் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் தனக்கென்று ஒரு நாற்காலியை மணலில் யாரும் சுமந்துவந்து போட்டு அவர் பார்த்ததில்லை. உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தார்.

சொன்னார்கள். செலின் வீட்டுப் பின்சுவரை ஐப்பசியில் கடல் எடுத்துக்கொண்டு போனதைச் சொன்னாள். தூண்டில் வளைவு ஐம்பது மீட்டர் குறைவாகப் போட்டதால் தண்ணீர் வளைத்துக்கொண்டு வடக்குத் தெருவுக்குள் ஏறுகிறது என்றார்கள். படகு ஏற்றி வைக்க மணல் இல்லை என்றார்கள். சுந்தர்சிங் தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். “எத்தனாம் தேதி?” “எத்தனை அடி?” என்று குறுக்குக் கேள்வியும் கேட்டார். ரெண்டு பக்கம் நிறைந்தது. யஹ்யா ஓரமாக நின்று, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கையிலும் ஒரு டீ கிளாஸைத் திணித்திருந்தார்கள். அவன் அதைக் குடிக்கவில்லை.

வளன் நாட்டுப்படகுச் சங்கத்தின் செயலாளர். முப்பத்தைந்து வயசு, பேச்சில் நிதானம். கடைசியாகத்தான் வாயைத் திறந்தார்.

“ஸார் எந்த டிபார்ட்மெண்ட்?”

“அது வந்து… சர்வே.”

“சர்வேன்னா? பொதுப்பணியா, மீன்வளமா?”

“ரெண்டுக்கும் பொதுவா.”

“ஐ.டி. கார்டு இருக்குமா ஸார்? தப்பா நெனைக்காதிய. போன வருசம் இப்படித்தான் ஒருத்தன் அளந்துட்டுப் போனான். பொறவு பாத்தா எவனோ ரிசார்ட் கட்டுறவனுக்கு ஆளு.”

சுந்தர்சிங் பர்ஸைத் துழாவினார். ஆதார் வந்தது, திருச்சபை அங்கத்தினர் அட்டை வந்தது. வளன் ரெண்டையும் பார்த்தார். பத்தடி தள்ளிப் போய் யாருக்கோ போன் பண்ணினார்.

இருபது நிமிஷத்தில் ஜீப் வந்தது. கடலோரப் பாதுகாப்புப் பிரிவு எஸ்.ஐ. மாடக்கண்ணுவும் ஒரு கான்ஸ்டபிளும் இறங்கினார்கள். எஸ்.ஐ. சத்தம் போடுகிற ஆள் இல்லை. நாற்காலியில் இருந்தவரையும், நின்றுகொண்டிருந்தவனையும் ஒரு தடவை பார்த்தார். கண்ணாடியும் பேனாவுமாக இருந்தவரிடம் முதலில் போனார்.

“ஸாருக்கு எந்த ஊரு?”

“நாசரேத்து. சுந்தர்சிங். தூத்துக்குடியில ஷிப்பிங் ஆபீஸ்ல மேனேஜர்.”

“நாசரேத்தா? எங்க சித்தப்பா அங்கதான் வாத்தியாரா இருந்தாரு. இருங்க ஸார், எந்திரிக்காதிய. சர்வேன்னு சொன்னியளாமே?”

“அது சும்மா… இவங்களாப் புரிஞ்சுக்கிட்டது. நான் காலையில காத்து வாங்க வந்தேன்.”

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. செலின் “காத்து வாங்கவா?” என்றாள். எஸ்.ஐ. கையமர்த்திவிட்டு யஹ்யா பக்கம் கண்ணைக் காட்டினார்.

“இவரு உங்ககூட வந்தவரா ஸார்?”

ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் சுந்தர்சிங் யஹ்யாவின் தாடியைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், ஆபீஸ் மேலதிகாரியின் முகத்தை நினைத்தார், அடுத்த மாசம் சபைக் கமிட்டிக்குத் தேர்தல் இருப்பதை நினைத்தார்.

“இல்ல,” என்றார். “நான் வரும்போதே இங்கன நின்னாரு. யாருன்னு எனக்குத் தெரியாது. கல்லுக்குள்ள என்னத்தையோ தேடிக்கிட்டிருந்தாரு.”

அவர் கணக்கில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் எந்தத் துறைமுகத்திலும் செல்லுபடியாகியிருக்கும். அதோடு விட்டாரா? விடவில்லை. யாரும் கேட்காமலே, “ஷார்ஜாவுலருந்து வந்திருக்கேன்னு சொன்னாரு,” என்று சேர்த்துக்கொண்டார்.

யஹ்யா அவரைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை. ரெண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிப்டைப் பார்க்கிற மெக்கானிக்கின் பார்வை அது. எங்கே பழுது என்று கண்டுகொண்ட பார்வை. டீ கிளாஸை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு எஸ்.ஐ. முன்னால் வந்தான்.

“ஸார், நான் யஹ்யா, காயல்பட்டினம். இது ஒரு வெளாட்டு ஸார். டப்பா ஒளிச்சு வச்சிருப்பாங்க, நாங்க தேடுவோம். உலகம் பூரா வெளாடுதாங்க.”

“டப்பாவுல என்ன இருக்கும்?”

“ஒரு தாள் ஸார். கையெழுத்துப் போடுத தாள்.”

“தாளா?” கான்ஸ்டபிள் சிரித்தார். “பீடி இலையும் கடலட்டையும் கடத்துத கரையில நின்னுக்கிட்டுத் தாளு தேடுதேங்கான் ஸார்.”

“பாஸ்போர்ட் வீட்ல இருக்கா?” என்றார் எஸ்.ஐ. “போனைக் குடுங்க பாப்போம்.”

யஹ்யா பூட்டைத் திறந்து கொடுத்தான். திரையில் அவன் கடைசியாகப் படித்ததுதான் இருந்தது. எஸ்.ஐ. விரலால் மேலே தள்ளினார், கீழே இறக்கினார். போட்டோவைப் பெரிதாக்கினார். நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

“ஸார், உங்க பேரு என்னன்னு சொன்னிய?”

சுந்தர்சிங் நோட்டை மூடினார்.

“இயற்றியவர், ஆர். சுந்தர்சிங்,” என்று எஸ்.ஐ. வாசித்தார். பள்ளிக்கூடத்தில் வாசிக்கச் சொன்னது மாதிரி கணீரென்று வாசித்தார். “அனுப்பின நேரம் இன்னைக்குக் காலையில ஏழு இருபத்தி நாலு. இதுல ஒண்ணு தடிமனாப் போட்டிருக்கே, அது என்ன? ‘சக தேடுநரைக் காவல்துறையோ பொதுமக்களோ விசாரிக்கும் வேளையில் அவரைத் தனியே விட்டு விலகுவது ஆகாது. அருகில் நின்று, இவர் எம்மவர் என்று துணிந்து கூற வேண்டும்.’”

முப்பது பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நல்ல தமிழு ஸார்,” என்றார் எஸ்.ஐ. மாடக்கண்ணு. “இப்ப எந்திரிங்க.”

சுந்தர்சிங் எழுந்தார். கான்ஸ்டபிள் நாற்காலியை எடுத்து யஹ்யாவுக்குப் போட்டார். அவன் உட்காரவில்லை.

அப்போதுதான் செலினுக்கு விஷயம் விளங்கியது. “டப்பாவா? பச்சை மூடி போட்ட டப்பாவா? எய்யா, அதை முந்தாநாளு ஒரு பல் டாக்டரம்மா வச்சிட்டுல்லா போச்சு! நாங்க நாலஞ்சு பொம்பளைய பாத்துக்கிட்டுத்தான இருந்தோம். அலை இழுத்துக்கிட்டுப் போயிருமேன்னு நான்தான் ரெண்டு கல்லு தள்ளி உள்ள வச்சேன். ஒரு வார்த்த கேட்டிருந்தா எடுத்துக் குடுத்திருப்பனே!”

போனாள். குனிந்தாள். எடுத்துக்கொண்டு வந்தாள். எஸ்.ஐ. திறந்து பார்த்தார். ஒரு குட்டிப் பென்சில், ஒரு சிப்பி, சுருட்டிய தாள். தாளை விரித்தார். முதல் வரியில் கோணல்மாணலாக ஒரு பெயர் ஏற்கெனவே இருந்தது: ம. செலின், புன்னைக்காயல்.

“கண்டவர் பெயர் எழுதவும்னு உள்ள சீட்டுல போட்டிருந்துச்சு,” என்றாள் செலின். “கண்டேன். எழுதினேன். தப்பா?”

இவ்வளவு நடந்த பிறகும் சுந்தர்சிங்கால் பொறுக்க முடியவில்லை. “அவங்க வெப்சைட்ல ரெஜிஸ்டரே பண்ணலியே,” என்று வாய் தவறி வந்துவிட்டது.

“நீங்க எந்த டிபார்ட்மெண்ட்ல ரெஜிஸ்டர் பண்ணிருக்கிய ஸார்?” என்றார் எஸ்.ஐ.

கரை முழுக்கச் சிரித்தது. யஹ்யாகூடச் சிரித்துவிட்டான்.

எஸ்.ஐ. அவனிடம் போனைத் திருப்பிக் கொடுத்து, “சிரமம் குடுத்துட்டோம், தப்பா எடுத்துக்கிடாதிய,” என்றார். சுந்தர்சிங்கிடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். அரசு அலுவலர் என்று நம்பவைத்ததற்கு வருந்துவதாகவும், இனி அப்படிச் செய்வதில்லை என்றும் எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஜீப்பின் பானெட்டில் வைத்துச் சுந்தர்சிங் எழுதினார். பார்வை ஒன்று, பார்வை இரண்டு என்று தொடங்கி முக்கால் பக்கம் வந்தபோது எஸ்.ஐ. தாளைப் பிடுங்கிக்கொண்டார். “மூணு வரி போதும் ஸார். கையெழுத்துப் போடுங்க. இதுல நீங்கதான் முதல் ஆளு.”

ஜீப் போனது. சிரிப்பும் அடங்கியது. கூட்டம் கலையும்போது செலின் மட்டும் அவர் எதிரில் வந்து நின்றாள்.

“அப்ப நீரு உக்காந்து எழுதினதெல்லாம்?”

சுந்தர்சிங்குக்கு அன்றைக்கு உண்மையிலேயே வலித்த இடம் அதுதான். பின்சுவர் போன தேதியை அவள் விரல் விட்டு எண்ணிச் சொன்னதும், தான் ‘எத்தனை அடி?’ என்று புருவத்தை உயர்த்தியதும் நினைவுக்கு வந்து கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வளன் கையை நீட்டினார். “அந்த ரெண்டு தாளையும் கிழிச்சுக் குடுத்திருங்க.” கொடுத்தார். வளன் நின்றபடியே படித்தார். “தேதி, அளவு எல்லாம் ஒழுங்கா இருக்கு. நாங்க எழுதுன மனு எதுவும் இப்படி இல்ல.” அதைப் பாராட்டு என்று யாரும் எடுத்துக்கொள்ள முடியாதபடி சொல்லிவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

மிச்சம் இருந்தது ரெண்டு பேர். யஹ்யா தாளில் ரெண்டாவது கையெழுத்துப் போட்டான். பென்சிலைச் சுந்தர்சிங்கிடம் நீட்டினான். அவர் வாங்கி, மூன்றாவதாகப் போட்டார். டப்பாவைச் செலின் சொன்ன இடத்திலேயே யஹ்யா திரும்ப வைத்தான்.

வண்டிகளை நோக்கி நடக்கும்போது சுந்தர்சிங் ஆரம்பித்தார். “தம்பி, நீங்க வேற மாதிரி நெனைச்சிரக் கூடாது. பொது இடத்துல ஒருத்தரையொருத்தர் தெரிஞ்சாப்ல காட்டிக்கிடக் கூடாதுன்னு ஒரு இது இருக்கு. அந்த அர்த்தத்துலதான்…”

யஹ்யா நின்றான்.

“அண்ணாச்சி, பதினெட்டு வருசமா நான் போய்ட்டு வந்துக்கிட்டு இருக்கேன். ஏர்போர்ட்ல என்னைய ஓரமா நிப்பாட்டும்போது, அதுவரைக்கும் கூடப் பேசிக்கிட்டு வந்தவன் ரெண்டு அடி தள்ளி நிப்பான். அது எனக்குப் பழகிப்போச்சு. அவனுக்கும் குடும்பம் இருக்கும்ல, பயம் இருக்கும்ல. ஆனா அவன் எவனும் எனக்கு முன்னாடியே எழுதி அனுப்பினதில்ல, உன் பக்கத்துல நிப்பேன்னு.”

சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். போகும்போது கையசைத்தான். அந்த நிலையிலும் கையசைத்தான்.

வீட்டில் சுந்தர்சிங் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. கூட்டத்தில் யாரோ எடுத்த வீடியோ, பல்லுக்குச் சிமெண்ட் அடைக்கப் போன புன்னைக்காயல்காரர் ஒருவர் மூலமாகத் திங்கட்கிழமையே ஷீஜாவின் போனுக்கு வந்துவிட்டது. ஷீஜா அதைக் குழுவில் போடவில்லை. இவருக்கு மட்டும் அனுப்பி, கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘அங்கிள், அவர்கிட்டப் பேசிட்டீங்களா?’

இன்பமணி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து முழு வீடியோவையும் பார்த்தாள். எஸ்.ஐ. வாசித்த இடம் வந்தபோது அவள் சிரிக்கவில்லை. “அந்தப் பிள்ளையாண்டான் முகத்தப் பாத்தியளா?” என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க வீட்டில் இட்லி, சோறு என்ற ரெண்டு சொல்லைத் தவிரப் பேச்சு இல்லை.

யஹ்யா கிளம்பும் ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய்விட்டு வந்த சுந்தர்சிங் டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, பலமுறை போனை எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் நம்பரைத் தட்டினார்.

“அண்ணாச்சி, சொல்லுங்க,” என்றான் யஹ்யா. பின்னால் பெட்டிகளை ஏற்றும் சத்தமும் பிள்ளைகளின் சத்தமும் கேட்டது. “திருவனந்தபுரத்துக்குக் கார் ஏறப் போறேன்.”

“ஒண்ணுமில்ல தம்பி. நீங்க அன்னைக்கு அங்க வந்தது எத்தனை மணிக்கு? குறிப்புல நேரம் போடணும்லா, அதான்.”

“ஏழு அஞ்சு இருக்கும் அண்ணாச்சி.”

“நான் ஏழேகால்.”

“சரி.”

கார்க்கதவு ஒன்று சாத்தப்பட்டது. சுந்தர்சிங் டையைத் தளர்த்தினார்.

“அன்னைக்கு நான் சொன்னது தப்பு தம்பி.”

“எது அண்ணாச்சி?”

எது என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். அவர் வாயால் வரட்டும் என்று காத்திருந்தான்.

“போலீஸ் கேட்கும்போது… உங்கள யாருன்னு தெரியாதுன்னு சொன்னது. ஷார்ஜான்னு எடுத்துக் குடுத்தது. ரெண்டும் தப்பு. பயந்துட்டேன்.” அந்தக் கடைசி வார்த்தை அவருடைய எந்தத் தாளிலும் இதுவரை வந்ததில்லை.

யஹ்யா பெருமூச்சு விட்டது கேட்டது. “தெரியாதுன்னு சொன்னது தப்பில்ல அண்ணாச்சி. அன்னைக்கு உங்களுக்கு என்னையத் தெரியாது, எனக்கும் உங்களத் தெரியாது. அன்னைக்கு என் நம்பர வாங்கி வச்சிருந்த செலினக்கா நேத்துப் போன் பண்ணுனாவ. வளன் உங்க தாள வச்சு எழுதுன மனுவக் கொண்டுபோய்க் குடுத்துட்டாராம், உங்ககிட்டச் சொல்லச் சொன்னாவ. நான் வைக்கட்டுமா? உம்மா கூப்பிடுதாவ.”

“தம்பி, அடுத்த லீவு எப்ப?”

“ஆண்டவன் நாடுனா வருசம் கழிச்சு. வந்தா டப்பா தேடத்தான் செய்வேன். நீங்களும் வாங்க.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னான்: “ஆனா டாக்குமெண்ட் எதும் அனுப்பாதிய.”

போனை வைத்துவிட்டான். சொன்னபோது சிரித்தானா, சிரிக்காமல் சொன்னானா என்று சுந்தர்சிங்கால் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த இன்பமணி, ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக, அவர் கேட்காமலே ஒரு கிளாஸ் காப்பியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.